இல்லாத அக்கா பின்னிய ஸ்வெட்டர்

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி. ஒரகடத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவரிடம் போய் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஓர் இளைஞன். இரண்டு காதிலும் ஒயர் இல்லாத குட்டி இயர்போன், கையில் கொக்கி ஊசி, மடியில் மஞ்சள் நூல்கண்டு. குழந்தைக்குல்லாய் மாதிரி எதையோ பின்னிக்கொண்டிருந்தான். வரவேற்பு மேசையில் இருந்த பெண் அவனைக் கவனிக்கவில்லை. பக்கத்தில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பெரியவரும் கவனிக்கவில்லை. நான் ஒருவன்தான் பார்த்தேன், அதுவும் கொஞ்சம் அதிகமாகவே பார்த்துவிட்டேன் போல. அவன் ஒரு காதைக் காலிசெய்து, "ஏதாவது வேணுமா அங்கிள்?" என்றான். ஒன்றுமில்லை தம்பி, பல்வலி என்றேன். பல்வலிக்காரன் எதற்காக இன்னொருவன் விரல்களை இப்படி வெறிக்கவேண்டும் என்று அவனுக்குப் புரிந்திருக்காது. எனக்கும் அந்த நேரத்தில் சரியாகப் புரியவில்லை.

வெளியே மழை. வரும்போது அவன் பை நனைந்திருக்கவேண்டும். நூலிலிருந்து லேசான ஈர வாசனை வந்துகொண்டிருந்தது. நனைந்த கம்பளி நூலின் வாசனை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஆட்டு வாசனையில் சோப்பைக் கரைத்ததுபோல இருக்கும். என் மூக்கு அதில் இன்னும் ஒன்றைத் தேடியது. கூலண்ட் வாசனை. லேத் மெஷினில் இரும்பைக் கடையும்போது சூடு ஏறாமல் இருக்க ஊற்றிக்கொண்டே இருப்பார்களே, பால்போல வெள்ளையாக ஒரு திரவம், அதுதான். எவ்வளவு சோப்புப் போட்டாலும் கையைவிட்டுப் போகாது. கம்பளியும் கூலண்டும் சேர்ந்த வாசனை என்றால் எனக்கு அது மாதேஷ்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் டிப்ளமோ முடித்துவிட்டு சாத்தூரிலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்தேன். எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்றால் ஊட்டிக்குச் சுற்றுலா போய்வந்த வாத்தியார் ஒருவரிடம் மட்டும் இருந்த பொருள். அவரும் அதைக் கொடியில் காயப்போடுவதற்குத்தான் வைத்திருந்தார். அப்படிப்பட்டவனை மார்கழி மாதத்தில் ஓசூர் பேருந்து நிலையத்தில் விடியற்காலை இறக்கிவிட்டால் என்ன ஆவான்? பல்லெல்லாம் தந்தி அடித்தது. அங்கே நின்ற நாலு பேர் நாலு பாஷையில் பேசிக்கொண்டிருந்தார்கள். வழி கேட்டால் தமிழில் ஆரம்பித்து, தெலுங்கில் திரும்பி, கன்னடத்தில் கொண்டுபோய் விட்டார்கள். முதல் ஆறு மாதம் நான் எந்த வேலையைத் தெளிவாகச் செய்தேன் என்று கேட்டால் குழம்பியதைத்தான் சொல்லவேண்டும். ஷிப்ட் மாறும் வாரத்தில் காலையா மாலையா என்பதுகூடக் குழப்பம். ஒருநாள் சாயங்காலம் நாலு மணிக்கு எழுந்து பல் விளக்கிவிட்டு, பேப்பர்காரன் ஏன் இன்னும் வரவில்லை என்று வாசலில் நின்றிருக்கிறேன்.

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் வரிசையாக ஆறு ஒற்றை அறை வீடுகள். முன்னால் இருந்த பெரிய வீட்டில் வீட்டுக்காரம்மா கௌரம்மா இருந்தார். மூன்றாவது அறையில் நானும் மாதேஷும். அவனுக்குச் சொந்த ஊர் அஞ்செட்டி மலைப்பக்கம் நாட்றாம்பாளையத்துக்கு அந்தாண்ட ஒரு கிராமம். ராகியும் அவரையும் விதைக்கிற குடும்பம், காட்டோரத்தில் நிலம். பெற்றோர் இல்லை. மூத்த அக்கா வீடுதான் அவனுக்கு வீடு. ஓசூரில் லேத் ஆபரேட்டராக இருந்தான். வேறு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிற வேலை எனக்கு. அவனைப்போல ஒருவன் கடைந்து தருவதை என்னைப்போல ஒருவன் அளந்து பார்த்து வேண்டாம் என்பான். நல்லவேளை, இரண்டு பேருக்கும் ஒரே கம்பெனியில்லை.

சேர்ந்து குடியேறிய மூன்றாவது நாள். முதல் ஷிப்ட் முடிந்து மூன்றரை மணிக்கு அறைக்கு வந்தால், கட்டிலில் சம்மணம் போட்டு அவன் பின்னிக்கொண்டிருந்தான். சன்னல் வழியாக வெயில் நேராக மடியில் விழுந்திருந்தது. இரண்டு நீள ஊசிகள், சாம்பல் நிற நூல். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். தப்பான வீட்டுக்குள் வந்துவிட்டோமோ என்றுதான் முதலில் தோன்றியது. அவன் நிமிர்ந்து பார்த்து, "கதவச் சாத்து, குளுருது" என்றான். குளிருக்காக மட்டும் அவன் அதைச் சொல்லவில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அவன் நூல் வாங்கும் விதமே தனி. ஞாயிற்றுக்கிழமைகளில் தரையில் விரித்துப் போட்டு விற்கும் பழைய ஸ்வெட்டர்களில் முழங்கை கிழிந்ததாகப் பார்த்துப் பொறுக்கி வருவான். ஓரத்தில் ஒரு முடிச்சை அவிழ்த்து இழுத்தால் ஸ்வெட்டர் மொத்தமும் சுருள்சுருளாக நூலாகிவிடும். அதை வெந்நீரில் அலசிக் காயப்போடுவான். நூல் மெல்லிசாக இருந்தால் இரண்டு இழையைச் சேர்த்து முறுக்கித் தடிமனாக்கவேண்டும். அதற்கு ஒரு தக்கிளி வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் பஞ்சு நூற்கக் கொடுப்பார்களே, அதே தக்கிளிதான், ஆனால் இது அவனே செய்தது. சைக்கிள் கம்பியின் நுனியை வளைத்து, அடியில் ஒரு பித்தளை வளையம் மாட்டியிருந்தான். தொடையில் உருட்டிவிட்டால் அறை நடுவில் தொங்கிக்கொண்டு கிர்ரென்று சுற்றும். அப்போது ரேடியோவை நிறுத்திவிடுவான். அந்தச் சத்தம் அவனுக்குப் பிடிக்கும்.

புது நூல் வேண்டுமென்றால் பஜாருக்குப் போகவேண்டும். ஒருமுறை நானும் கூடப் போனேன். கடைக்காரர் கண்டை எடுத்து வைத்துக்கொண்டே, "வீட்ல கேட்டாங்களா?" என்றார். மாதேஷ் யோசிக்காமல் ஆமாம் என்றான். எந்த நிறம் கேட்டார்கள் என்றார். மெரூன் என்றான். வீட்டில் இருந்தது நான் ஒருவன்தான். நான் எதையும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் ஏனப்பா இப்படி என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே நடந்தான்.

எனக்கும் கற்றுக்கொடுத்தான். நான் கேட்டேனா, அவனாகக் கொடுத்தானா என்பது நினைவில்லை. ஒரு மழை நாளில் என் கையில் ஊசிகள் இருந்தன, அவ்வளவுதான். இருபது கண்ணி போட்டு ஒரு மஃப்ளர் ஆரம்பித்தேன். ஒரு முழம் வளர்வதற்குள் இருபது கண்ணி முப்பத்தொன்றாகிவிட்டது. மேலே கழுத்துக்கும் கீழே இடுப்புக்கும் போடலாம் போல இருந்தது. பகலெல்லாம் அடுத்தவன் வேலையில் மைக்ரான் கணக்கில் குற்றம் கண்டுபிடிக்கிற மனிதனின் சொந்தத் தயாரிப்பு அது. மாதேஷ் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கண்ணி கூடினால் பரவாயில்லை, குறைந்தால்தான் ஓட்டை என்று ஆறுதல் சொன்னான். பிறகு நான் பின்னலைவிட்டுத் தையலுக்கு மாறினேன். ஒரு தலையணை உறையில் ரோஜாப்பூ. சிவப்பு நூல் தீர்ந்துபோனதால் பாதிப் பூ ஆரஞ்சு.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று உண்டு. ஊசியைக் கையில் எடுத்தால் மனது ஏன் அப்படி அடங்கிப்போனது? சம்பளம் பற்றியும், வீட்டுக்கு எழுதாத கடிதம் பற்றியும், பேசவராத கன்னடம் பற்றியும் ஓடிக்கொண்டிருந்த தலை, கண்ணி எண்ண ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டது. இதை ஒரு சந்தோஷம் என்று சொல்லிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. சினிமாவுக்குப் போனேன், கிரிக்கெட் ஆடினேன் என்று கம்பெனியில் சொல்லலாம். ரோஜாப்பூ தைத்தேன் என்று எப்படிச் சொல்வது? இரண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு, சீட்டாடுகிறவர்கள் போலீசுக்குப் பயப்படுவதுபோலப் பயந்துகொண்டு பின்னினோம்.

நாங்கள் சேர்ந்து குடியேறிய மறுவருடம், தை மாதத்துக்குப் பிறகு மாதேஷுக்குப் பெண் பார்த்தார்கள். மத்தூர் பக்கம், மாந்தோப்பும் கொஞ்சம் வயலும் உள்ள குடும்பம். பெண் பெயர் சித்ரா. அவன் அக்காவோடு போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான். வந்ததிலிருந்து தக்கிளியைச் சுற்றிவிட்டுச் சன்னலைப் பார்த்தபடி நின்றான். பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு, "அவங்க ஒயர் கூடை போடறாங்க. பேசறப்பவும் விரல் நிக்கல" என்றான். ஒரு பெண்ணைப் பற்றி இப்படி வர்ணித்த இன்னொரு மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

பெண் வீட்டார் மாப்பிள்ளை இருக்கும் இடத்தைப் பார்க்க வருவார்கள் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். எனக்கு வார விடுமுறை. மாதேஷ் முதல் ஷிப்ட். காலை பதினொரு மணி இருக்கும். கதவைத் தட்டியவர்களில் ஒருவர் சித்ராவின் அப்பா, வெள்ளை வேட்டி சட்டை, பேச்சு குறைவு. இன்னொருவர் தாய்மாமன். பேச்செல்லாம் அவர்தான். டிராக்டர் சாமான் வாங்க ஓசூர் வந்ததாகவும் அப்படியே எட்டிப் பார்த்ததாகவும் சொன்னார். நான் மரியாதையாக உள்ளே அழைத்துக் கட்டிலில் உட்காரச் சொன்னேன். சொன்ன பிறகுதான் கட்டிலைப் பார்த்தேன். அங்கே முக்கால்வாசி முடிந்த மெரூன் நிற ஸ்வெட்டர், முன்பக்கம் திறந்த பெண்கள் ஸ்வெட்டர், ஊசிகளோடு மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் என்னுடைய ரோஜாப்பூத் தலையணை உறை, துணியை இறுக்கும் தையல் வளையம் மாட்டியபடியே.

மாமன் ஸ்வெட்டரைக் கையில் எடுத்தார். "இது யாரு பண்றதுங்க?"

எனக்கு யோசிக்க ஒரு மூச்சு நேரம்தான் இருந்தது. உண்மையைச் சொன்னால் மாப்பிள்ளை பொம்பளை வேலை செய்கிறான் என்று சிரித்துவிடுவார்கள், நண்பன் மானம் போய்விடும் என்று பட்டது. அதனால், பக்கத்து வீட்டு அக்கா வைத்துவிட்டுப் போனது என்றேன். அந்த அக்கா இங்கே வருவாரா என்று கேட்டார். எப்போதாவது டிவி பார்க்க வருவார் என்றேன். எங்கள் அறையில் டிவியே இல்லை. அவர் அறையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அந்தம்மாவுக்குப் புருஷன் என்ன வேலை என்றார். துபாயில் இருக்கிறார் என்றேன். துபாய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு பொய்யை மூட இன்னொன்று, அதை மூட இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனேன். கடைசியில் இரண்டு பையன்கள் தங்கியிருக்கும் அறைக்குப் புருஷன் ஊரில் இல்லாத ஒரு பெண் வந்துபோகிறாள் என்று நானே கட்டி முடித்துக் கொடுத்துவிட்டேன்.

போதாததற்குப் போகும்போது கௌரம்மாவிடமும் கேட்டிருக்கிறார்கள். அவர் வீட்டில் தெலுங்கு, காய்கறிக்காரனிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் மூன்றும். இங்கே பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று மாமன் கேட்க, அவர் தன்னைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்து, "ஹௌது, ஹௌது, மொதல்லேருந்து இருக்குறேன்" என்று சொல்லியிருக்கிறார். ஆமாம் ஆமாம் என்பது மட்டும் மாமன் காதில் விழுந்திருக்கிறது. மிச்சத்தைக் கேட்க அவர் நிற்கவில்லை.

மாதேஷ் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அவனைக் காப்பாற்றிவிட்டேன் என்ற நினைப்பு. கதை துபாய்க்கு வரும்போது அவன் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கைக் கீழே வைத்தான். பிறகு ஸ்வெட்டரை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தான். "நான்தான் பின்னறன்னு சொல்லியிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான். அப்போதும் எனக்கு விஷயம் முழுதாக விளங்கவில்லை. மூன்று நாள் கழித்து எஸ்.டி.டி. பூத்துக்கு அவனைக் கூப்பிட்டு அவன் அக்கா பேசினார். மாப்பிள்ளைக்கு ஓசூரில் பெண் சகவாசம் இருக்கிறது, சம்பந்தம் வேண்டாம் என்று மத்தூரிலிருந்து சொல்லிவிட்டார்களாம். அக்கா அழுதாராம். பூத்திலிருந்து அறைவரை அவன் என் பக்கம் திரும்பவேயில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். மன்னிப்புக் கேட்கலாம்தான், ஆனால் எந்த இடத்திலிருந்து தொடங்குவது? டிவியிலிருந்தா, துபாயிலிருந்தா?

இருவருக்கும் சேர்ந்து விடுமுறை வந்த முதல் நாள், அவன் ஸ்வெட்டரையும் ஊசிகளையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, "கெளம்பு. மத்தூர் போறம். நீ ஒண்ணும் பேச வேணாம், கூட உக்காந்திரு" என்றான். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி, அங்கிருந்து மத்தூர். வழியெல்லாம் மாமரங்கள் பூத்திருந்தன. அடிப்பார்களோ என்றுகூட நினைத்தேன். அடித்தால் முதல் அடி எனக்கு விழவேண்டும் என்பதுதான் நியாயம் என்றும் பட்டது, அது நடக்கக் கூடாது என்றும் பட்டது.

அங்கே யாரும் அடிக்கவில்லை. ஆனால் உட்காரச் சொல்லவும் நேரமாயிற்று. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். அப்பா ஒன்றில், மாமன் ஒன்றில். உள்ளே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றதிலிருந்து பெண்கள் கேட்கிறார்கள் என்று தெரிந்தது. மாதேஷ் வணக்கம் சொன்னான். பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தான். விட்ட இடத்தைக் கண்டுபிடித்து ஊசியைப் பிடித்தான். பின்ன ஆரம்பித்தான்.

பத்து நிமிடமாவது இருக்கும். ஊசிகள் உரசிக்கொண்டே இருந்தன. மாமன் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக் குனிந்து பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "அப்ப அந்த துபாய்க்காரரு?" என்றார். பேச வேண்டாம் என்று சொல்லப்பட்டிருந்தும் நான் பேசவேண்டியதாயிற்று. துபாய்க்காரர் இல்லை, அக்கா இல்லை, டிவியும் இல்லை, எல்லாம் என் வாயிலிருந்து வந்தது என்றேன். அந்த ரோஜாப்பூவும் நான் தைத்ததுதான் என்று யாரும் கேட்காமலே ஒப்புக்கொண்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாப்பிள்ளை நல்லவன், சகவாசம்தான் சரியில்லை என்று முடிவு செய்திருப்பார்.

அதுவரை வாய் திறக்காத அப்பா கேட்டார். "இத எங்க கத்துக்கிட்டீங்க?"

மாதேஷ் ஊசியை நிறுத்திவிட்டு இடதுகையை விரித்துக் காட்டினான். ஓசூருக்கு வருவதற்கு முன்னால் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்தானாம். மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளே போய்விட்டனவாம். விரல்கள் தப்பின, ஆனால் மடங்கவில்லை. விரலுக்கு ஓயாமல் வேலை கொடு என்று டாக்டர் சொல்ல, அக்காதான் ஊசியையும் நூலையும் கையில் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார். எட்டு மாதத்தில் விரல்கள் மடங்கின. முழுதாக இல்லை, முக்கால்வாசி. சம்பந்தம் பேசும்போது இதைச் சொல்லவேண்டாம் என்று பெரியவர்கள் தடுத்துவிட்டதாகவும், அது தப்பு என்று தனக்குத் தெரியும் என்றும் சொன்னான்.

நான் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு வருடத்துக்கு மேல் ஒரே அறையில் இருந்திருக்கிறேன். அவன் டீ டம்ளரை இடதுகையில் மூன்று விரலால் பிடிப்பதைத் தினமும் பார்த்து, அது ஒரு ஸ்டைல் என்று நினைத்து நானும் அப்படியே பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் முகம் இளகியது. அவரும் நிலத்தில் வேலை செய்கிற மனிதர், அடிபட்ட கை அவருக்குப் புரியும். எழுந்து வந்து அந்த விரல்களைத் தொட்டு மடக்கிப் பார்த்தார். "அப்ப கை செரியாவறதுக்குத்தான் இதப் பண்றீங்க" என்றார். அது கேள்வி இல்லை. அவராக இறங்கிவந்து திறந்துவிட்ட கதவு. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். நான் மனதுக்குள் ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"அது செரியாயி ரெண்டு வருசம் ஆச்சுங்க" என்றான் மாதேஷ். "இப்ப எனக்குப் புடிச்சிருக்குது. அதனால பின்னறன்."

பெண் சகவாசம் என்றால் கோபப்படலாம், அடிபட்ட கை என்றால் இரக்கப்படலாம். ஓர் ஆண்பிள்ளைக்குப் பின்னுவது பிடித்திருக்கிறது என்றால் என்ன செய்வது? அப்பா நாற்காலிக்குத் திரும்பினார். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டு, மறுபடி எடுத்து உதறினார்.

அப்போதுதான் சித்ரா மோர் கொண்டுவந்தார். எனக்குக் கொடுத்தார், அவனுக்குக் கொடுத்தார். உள்ளே போகவில்லை. தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்று, "கழுத்து எப்பிடி எறக்குவீங்க?" என்று கேட்டார். அவன் மோரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தான். ஒவ்வொரு வரிசையிலும் ஓரத்தில் இரண்டு கண்ணியை ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் தானாக உள்வாங்கும் என்றான். ஒயர் கூடையில் மூலை திருப்புகிற மாதிரியா என்றார் அவர். அவன் கொஞ்சம் யோசித்து, இல்லை, கூடையில் ஒயர் குறையாது, இதில் குறையும் என்றான். இரண்டு பெரியவர்களை நடுவில் வைத்துக்கொண்டு அவர்கள் கண்ணிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு மோர் புரையேறியது. யாரும் கவனிக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் இது சம்மதமா மறுப்பா என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. பெரியவர் வாசல்வரை வந்து, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார். நம் பக்கத்தில் பார்க்கலாம் என்பதற்கு எத்தனை அர்த்தம் உண்டு என்று உங்களுக்குத் தெரியும். கைக்காகத்தான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்குமே, ஏனப்பா கெடுத்தாய் என்று கேட்டேன். அவன் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னான். "கையிக்காகன்னு சொன்னா, கைதான் நல்லாயிடுச்சே, நிறுத்துன்னு சொல்லுவாங்க இல்ல?"

அதற்குப் பிறகும் அவன் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் காரணமில்லாமல் தினமும் அவனுக்கு டீ வாங்கிவந்தேன். அவன் மூன்று விரலால் பிடித்துக் குடித்தான். நான் ஐந்து விரலுக்கு மாறியிருந்தேன்.

மாசி கழிந்து பங்குனியில் மத்தூரிலிருந்து செய்தி வந்தது. சம்மதம். பெண் வேறு யாரையும் பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதாக அக்கா சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை. நாலு பேர் பார்க்கும்படி மாப்பிள்ளை பின்னக் கூடாது. எனக்குக் கோபம் வந்தது. மாதேஷ் சாதாரணமாக, வெளியேதானே பின்னக் கூடாது என்கிறார்கள் என்றான். கல்யாணத்துக்கு நான் போனேன். மாமன் என்னைப் பார்த்ததும் துபாய்க்காரர் சௌக்கியமா என்று பந்தியில் எல்லார் காதும் கேட்கும்படி விசாரித்தார்.

கல்யாணமானதும் அவர்கள் பாகலூர் ரோட்டுப் பக்கம் வரிசை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் பார்க்கப் போனேன். சித்ரா கதவைத் திறந்து, நான் உள்ளே வந்ததும் சாத்தினார். மாதேஷ் பாயில் உட்கார்ந்து குழந்தை அளவில் ஏதோ பின்னிக்கொண்டிருந்தான். குழந்தை வர இன்னும் நாலு மாதம் இருந்தது. சுவரோரம் ஒரு தையல் மெஷின், மேலே பாதியில் நிற்கும் ஒயர் கூடை. பேசிக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. அடுத்த நொடி, ஊசியும் நூலும் அவன் மடியிலிருந்து சித்ராவின் மடிக்குப் போய்விட்டன. பழகிய கைகள் என்பது பார்த்தாலே தெரிந்தது. வந்தது அடுத்த வீட்டுப் பெண். தன் மகனுக்கு ஒரு குல்லாய் வேண்டும், அக்கா பின்னித் தரமுடியுமா என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றார் சித்ரா. எனக்கும் கற்றுக்கொடுங்கள் என்றாள் அவள். தலைவலி, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவள் போனதும் சித்ரா ஊசியைத் திருப்பிக் கொடுத்தார். "நான்தான் பின்னறன்னு தெருவெல்லாம் சொல்லி வெச்சிருக்கறம்ணா. எனக்கு ஒரு கண்ணிகூடப் போட வராது" என்றார். மாதேஷ் தலை நிமிராமல் பின்னியபடி சிரித்துக்கொண்டிருந்தான். நானும் சிரித்தேன், ஆனால் நடுவில் குழம்பிவிட்டேன். நான் சொன்ன பொய்யும் இதுதான், பின்னுவது ஒரு பெண் என்பதுதான். அது ஒரு கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தது. அதே பொய்யில் இவர்கள் சௌகரியமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள். எங்கே வித்தியாசம் என்று வீடு வரும்வரை யோசித்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருடமே எனக்கு ஒரகடத்தில் வேலை கிடைத்தது. கொஞ்ச காலம் போனில் பேசினோம். பிறகு அவன் நம்பர் மாறியது, என் நம்பரும் மாறியது. பெரிய காரணம் ஒன்றும் இல்லை. எல்லாரும் எல்லாரையும் இப்படித்தான் தொலைக்கிறோம் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வேலையாக ஓசூர் போனபோது பாகலூர் ரோட்டுப் பக்கம் அவர்கள் குடியிருந்த தெருவைத் தேடிப் போனேன். வரிசை வீடுகள் இல்லை. அந்த இடத்தில் ஐந்து மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளம் முழுக்கக் கார்கள். எதிரே ஒரு பெட்டிக்கடை. அங்கிருந்த பெண் அந்தப் பக்கத்திலேயே பல வருடம் குடியிருந்தவர். லேத் ஆபரேட்டர் மாதேஷ் என்று கேட்டேன். அவருக்கு நினைவில்லை. நாட்றாம்பாளையம் பக்கத்து ஆள், இடதுகை விரல் கொஞ்சம் மடங்காது என்றேன். உதட்டைப் பிதுக்கினார். சித்ரா என்று ஒரு பெண் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஸ்வெட்டர் சித்ராக்காவா? அவங்க காலி பண்ணிப் போயி ரொம்ப வருசம் ஆச்சுங்களே. எங்கன்னு தெரியல. கை வேலன்னா அப்பிடி ஒரு கை வேலைங்க. எங்க பையனுக்குக்கூட ஒரு குல்லா பின்னிக் குடுத்தாங்க. அந்தக் கை யாருக்கு வரும்?"

அது யார் கை என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அது அவனுக்குச் செய்யும் நியாயமா, அவர்கள் இரண்டு பேருக்கும் செய்யும் துரோகமா என்று தெரியவில்லை. அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆமாங்க, நல்ல கை என்று சொல்லிவிட்டு, தேவையில்லாமல் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தேன்.